தேர்நாளும் கீழ்வீட்டு வைஃபையும்

"வைஃபை பேரை எதுக்கு மாத்துனிய? நேத்துதான் எல்லாத்தையும் ஒழுங்கா..."

"மாடிப்படி கேமராவை எதுக்கு அணைச்ச? அங்கன கீழ யார் வாறா, யார் போறான்னே..."

"நான் கேமராவைத் தொடவே இல்ல. பூட்டைத்தான் மாத்துனேன். நீங்க பேரை மாத்துனதுல ஆபீஸ் லேப்டாப் இப்ப..."

"டி.வி.யும் போச்சு! தேரன்னைக்கு ஒரு மனுஷன் வீட்ல உக்காந்து தேர் பாக்கக் கூடாதா?"

"ஜன்னலைத் திறந்தா தேரு! அதை டி.வி.யிலதான் பாக்கணுமா?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா ஒண்ணும் வெளங்கல," என்றாள் மதுமதி, கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்தபடி. "ஒருத்தர் முடிச்ச பொறவு இன்னொருத்தர் பேசுங்க."

"நீ சும்மா இரு!" என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே சொன்னார்கள். அன்று காலை அவர்கள் ஒரே குரலில் சொன்னது அது ஒன்றுதான்.

மதுமதி தோளைக் குலுக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அங்கே பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குள் சண்டை கிடையாது. அது பெரியவர்களுக்கு மட்டும் உள்ள சொத்து.

நெல்லையப்பர் கோயில் வடக்கு ரத வீதியில் அந்த வீட்டில் கீழே அண்ணன் மகேஸ்வரன், மாடியில் தம்பி, மதுமதியின் அப்பா சிவகணேஷ். போன தையில் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் தாய்மாமன் வந்து மூத்தவருக்கு மட்டும் தலையில் உருமால் துண்டு கட்டினார். "நான் என்ன அப்பாவுக்குப் பொறக்கலையா?" என்று இளையவர் சாப்பிட்ட இலையை விட்டு எழுந்தார். இதெல்லாம் போன வாரங்களில் பார்த்தோம். மாமனுக்கு மறதி, ஒரு துண்டோடு வந்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் 'ரெண்டாவது துண்டுக்கு ஆள் அனுப்புங்க மாமா' என்று அண்ணன் வாய் திறந்து சொல்லவில்லையே! அதுதான் சிவகணேஷுக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அதற்காக அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

வைஃபைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயர் அக்கம்பக்கத்துக் கைபேசிகளில் எல்லாம் தெரியும். இது போதாதா? கீழே 'மூத்தவன் வீடு' என்று பெயர் வைத்தார்கள். மாடியில் 'உருமால் கட்டியவன் வாழ்க' என்று மாற்றினார்கள். கீழே 'மட்டு மரியாதை தெரியாதவன்'. மாடியில் 'எடுத்துக் கூறாத அண்ணன்'. தெருவே ஒவ்வொரு நாளும் கைபேசியைத் திறந்து வாசித்துச் சிரித்தது. பால்காரர் மட்டும் நேரில் கேட்டார், "நேத்தைய பதில் கொஞ்சம் சப்புன்னு இருக்கே அண்ணாச்சி?"

இன்று விடிந்ததும் சிவகணேஷ் வைத்த பெயர், 'ஊருக்கு மோர் தம்பிக்குப் போர்.'

காரணம் இருந்தது. ஆனித் தேருக்கு வீட்டு வாசலில் பந்தல் போட்டு மோரும் பானக்காரமும் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த வருடம் மகேஸ்வரன் அதோடு ஒன்று சேர்த்தார். தேர் பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் பாஸ்வேர்டு இல்லாத இலவச வைஃபை. "தாகம்னு வந்தவன்ட்ட பேரு, ஊரு கேட்டா தண்ணி குடுக்கோம்? இதுவும் அப்படித்தான்" என்றாராம். அதற்கு 'தேர் மோர் ஃப்ரீ' என்று பெயரும் போட்டாயிற்று.

"பேரை நீங்க மாத்துன உடனே எல்லாம் அறுந்து போச்சு," என்றாள் சிவகணேஷின் மனைவி விஜயஸ்ரீ. கையில் கரண்டி. அடுப்பில் பாயசம் பொங்கிக்கொண்டிருந்தது. "லேப்டாப்புக்குப் பழைய பேருதான் தெரியும். ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததும் பழைய பேருதான். இன்னைக்கு மூணு மணிக்கு சோதனைன்னு ஒரு வாரமா கத்துதேன். காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"பொறவு?"

"அவன் அங்கன ஊருக்கெல்லாம் வாரி விடுதான், நான் பாத்துட்டு இருக்கவா?"

விஜயஸ்ரீ அடுப்பை அணைத்தாள். அணைக்காவிட்டால் பாயசத்தை அவர் தலையில் ஊற்றிவிடுவோமோ என்று அவளுக்கே பயம் வந்தது.

அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மருத்துவமனைக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்பும் வேலை. அடுத்தவர் உடம்பு ரகசியமெல்லாம் அவள் மேஜை வழியாகப் போகிறது. அதனால் கம்பெனி இப்போது கறாராகிவிட்டது. வீட்டு வைஃபைக்குச் சரியான பூட்டு இருக்க வேண்டும், இணைப்பு அரை மணி நேரம் அறுந்துபோகாமல் நிற்க வேண்டும். தேறாதவர்கள் திங்கட்கிழமை முதல் சென்னை அலுவலகத்தில் வந்து உட்கார வேண்டும்.

மதுமதி பிளஸ் டூ. இந்த வீட்டில், மாடிக்கும் கீழுக்கும் நடக்கிற இந்தக் கூத்துக்கு நடுவில், அவளை விட்டுவிட்டு எங்கே போவது? 'சென்னையில் ரூம் எடுத்துத் தங்கு, நான் பாத்துக்கிடுதேன்' என்று கணவர் சொன்னபோது, அவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று விஜயஸ்ரீக்குத் தெரிந்தே இருந்தது. கேமராவை.

"சரி, கேமரா ஏன் போச்சு? அதைச் சொல்லு," என்று விடாமல் நின்றார் சிவகணேஷ்.

"இவ்வளவு நாளும் நம்ம வைஃபை பெட்டியில பூட்டு கலப்பா இருந்துச்சு. பழசும் புதுசும். பழைய பூட்டு ஆபீஸ்ல ஆகாதுன்னுட்டாவ. அதனால புதுசு மட்டும் போதும்னு வச்சுட்டேன். டபிள்யூ.பி.ஏ. டூ, அதுவும் ஏ.இ.எஸ். மட்டும். உங்க கேமராவும் டி.வி.யும் பழைய காலத்து ஆளுங்க. புதுப் பூட்டைத் திறக்க அதுகளுக்குத் தெரியாது."

"அப்போ திருப்பி மாத்து."

"மாத்த மாட்டேன்."

"மாடிப்படியில என்ன நடக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"மாடிப்படியில போய் நின்னா தெரியும்!"

மாடிப்படியில் நின்றால் அண்ணன் முகம் தெரியும். அதுதான் சங்கடம்.

விஜயஸ்ரீ உட்கார்ந்து பெயரைப் பழையபடி மாற்றினாள். மடிக்கணினியைச் சேர்த்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒத்திகை. சென்னையிலிருந்து கெசியா என்ற பெண் கூப்பிடுவாள் என்று தகவல் வந்திருந்தது. அதற்குள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்துவிட்டது. விஜயஸ்ரீ அவர்களுக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் திரும்பினாள். அவ்வளவு நேரம் போதுமாயிருந்தது.

திரும்பி வந்தபோது கெசியா காத்திருந்தாள்.

"மேடம், வணக்கம். ஒண்ணு கேக்கலாமா? நீங்க 'தேர் மோர் ஃப்ரீ'ங்கிற நெட்வொர்க்ல இருக்கீங்க."

விஜயஸ்ரீ திரையின் மூலையைப் பார்த்தாள். "இல்லையே மேடம். நான்..."

"எனக்கு இங்க தெரியுது. அதுல பாஸ்வேர்டே இல்ல. ரோட்டுல போறவங்க யார் வேணும்னாலும் அதுக்குள்ள இருக்கலாம். பேஷண்ட்ஸ் விவரம் எல்லாம் இதுலதான் போகுதா?"

"ஒருநாளும் இல்ல மேடம். இது இப்ப... இது எங்க வீட்டுக்காரர்..."

"வேற யாரும் ஆபீஸ் லேப்டாப்பைத் தொடக் கூடாதுன்னு விதி இருக்கே மேடம்."

வாசலில் எழுந்த நாயனச் சத்தம் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்தது.

"அங்க என்ன சத்தம்? கல்யாணமா?"

"தேர், மேடம். எங்க ஊருக்கு இன்னைக்கு லீவு."

"ஓ!" கெசியாவின் குரலில் இரக்கமும் இருந்தது, களைப்பும் இருந்தது. இவள் வீட்டைப் போல இன்னும் எத்தனை வீட்டைப் பார்க்க வேண்டுமோ! "சரி, இதை ஒத்திகைன்னே வச்சுக்கறேன். எழுதல. மூணு மணிக்குக் கூப்பிடறேன். அதுல போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல மேடம்."

இணைப்பு அறுந்தது. விஜயஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். சிவகணேஷ் கதவோரம் நின்று வேட்டி நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இழுக்குதேன்னு பாத்தேன்," என்றார். "நம்மளது ஒரு கோடு காட்டுச்சு. அது நாலு கோடு காட்டுச்சு. மாத்தி விட்டேன்."

"உங்க அண்ணன் வைஃபை."

"ஊருக்கெல்லாம் குடுக்கான். தம்பிக்கு மட்டும் கிடையாதாக்கும்?"

"அவுக முகத்துல முழிக்க மாட்டிய. அவுக நெட்டை மட்டும் குடிப்பிய!"

"மோரை நான் குடிக்கலையே," என்றார் சிவகணேஷ், அதில் ஒரு நியாயம் இருப்பதைப் போல.

விஜயஸ்ரீ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதரோடு சண்டை போட இன்று நேரம் இல்லை. நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு முழு நாளும் வைத்துக்கொள்ளலாம்.

மடிக்கணினியை மறுபடி தன் வைஃபைக்கே கொண்டுவந்தாள். பூட்டு சரியாகிவிட்டது. பெயரும் சரியாகிவிட்டது. ஆனால் இணைப்பு நிற்கவில்லை. அலுவலகம் கொடுத்த சோதனைக் கோடு திரையில் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, சிவந்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் சிவப்பு.

கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து அக்கம்பக்கத்து வைஃபை அலைகள் ஓடுகிற சேனல்களைப் பார்த்தாள். அவளுடைய பெட்டிக்கு நிற்க இடம் வேண்டும். ஒன்று, ஆறு, பதினொன்று என்று ஒன்றையொன்று இடிக்காத இடம் மூன்றுதான். கீழ்வீட்டில் மூன்று பெட்டி. வாசலில் ஒன்று, முற்றத்தில் ஒன்று, உள்ளறையில் ஒன்று. ஜெய்சன் என்ற பையன் வந்து மூன்றையும் மூன்று சேனலில் மாட்டி, பவரை முழுசாக ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். மூன்று இடத்திலும் அண்ணன் வீட்டுக் கூட்டம். தேர் பார்க்க வந்த சனம் முழுக்க அதில் வீடியோ ஏற்றிக்கொண்டிருந்தது. உள்ளறைப் பெட்டியோ நேரே அவள் மேஜைக்குக் கீழே, கீழ்வீட்டுக் கூரையில் மாட்டியிருந்தது. ஆறாம் சேனல். அது போடுகிற கூச்சலில் இவளுடைய பெட்டி பேசுவது இவளுடைய மடிக்கணினிக்கே கேட்கவில்லை.

ஐந்து கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசையில் போனால் கூட்டம் இல்லைதான். ஆனால் மாடிப் பெட்டி இருப்பது சமையலறையில், அக்னி மூலையில். மின்சாரச் சாமானெல்லாம் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று மனையடி பார்க்கிறவர் சொன்னதை சிவகணேஷ் வேதமாக எடுத்துக்கொண்டவர். அங்கிருந்து இவள் மேஜைக்கு நடுவில் முழங்கை அகலத்துக்கு இரண்டு சுண்ணாம்புச் சுவர். ஐந்து அதைத் தாண்டாது. கம்பியில் இணைக்கலாம் என்றால் அலுவலக மடிக்கணினியில் அதற்குத் துளையே கிடையாது. பெட்டியை இடம் மாற்ற இணையக்காரரைக் கூப்பிட்டால், "தெருவுக்குள்ள சைக்கிள் கூட வராதுக்கா, நாளைக்கு வாறேன்" என்றார். கைபேசி இணையமோ, ரத வீதி நான்கிலும் நிற்கிற ஜனத்துக்கு நடுவில் மூச்சே விடவில்லை.

"நம்ம பெட்டி பவரை முழுசா ஏத்தி விடுதேன்," என்றார் சிவகணேஷ். "அவன் கத்துனா நாமளும் கத்துவோம்."

"பெட்டி கத்துனா மட்டும் போதுமா? லேப்டாப் சன்னக் குரல்ல பைய பதில் சொல்லுது. அது பெட்டிக்குக் கேக்கணும்லா? அவுகளும் கத்தி, நாமளும் கத்துனா யாருக்கு என்ன கேக்கும்?"

"அப்போ என்ன செய்யணும்?"

"கீழ போய் ஒரு வார்த்தை. உள்ளறைப் பெட்டியை மட்டும் சாயங்காலம் வரைக்கும் பவரைக் குறைச்சுப் பைய வைக்கச் சொல்லுங்க. ஒரே வார்த்தை."

"அவன்ட்டயா?" சிவகணேஷுக்கு முகம் சிவந்தது. "சின்னப் பிள்ளையில குறுக்குத்துறை ஆத்துல அத்தனை பேர் குளிக்கையில என்னைய 'ஏலே தவக்களை, வாலே'ன்னு கூப்பிடுவான். ஆறே சிரிக்கும். கல்யாணமான புதுசுல, பந்தியில வச்சு, உங்கப்பா முன்னால, அதே பேரு! அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே அந்தப் பேரு உன் வாயில வரப்படாதுன்னு."

"வந்துச்சா?"

"வரல."

"பொறவென்ன?"

"பொறவென்னன்னா? அதுக்காக நான் போய் அவன் வாசல்ல நிக்கணுமாக்கும்?"

விஜயஸ்ரீயே இறங்கினாள்.

கீழே பந்தலில் மகேஸ்வரன் தோளில் துண்டோடு நின்று, பெரிய அண்டாவிலிருந்து மோர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"வாம்மா விஜயா. மோர் குடி."

"வேண்டாம் பெரியத்தான். ஒரு உதவி."

சொன்னாள். சோதனையைச் சொன்னாள், திங்கட்கிழமையைச் சொன்னாள், மதுமதியைச் சொன்னாள். மகேஸ்வரன் பொறுமையாகத்தான் கேட்டார். நடுநடுவே "இந்தாப்பா, பிடி" என்று தம்ளரும் நீட்டினார்.

"மூணுல ஒண்ணைக் குறைக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் பெரியத்தான். உள்ளறையில உள்ளது மட்டும்."

"செய்யலாம்."

விஜயஸ்ரீக்கு உயிர் வந்தது.

"கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும். செய்யலாம்."

வந்த உயிர் அங்கேயே நின்றது.

"அவுக வேலை இல்ல பெரியத்தான், என் வேலை. நான்தான் கேக்கணும். கேக்கேன்."

"ஒனக்கு இல்லைன்னு நான் எந்தக் காலத்துல சொன்னேன்? ஆனா மேல உள்ள பெட்டி அவன் வீட்டுப் பெட்டி. எம்பேரைத் தெருவுக்கெல்லாம் வாசிக்கக் குடுத்தது யாரு? 'எடுத்துக் கூறாத அண்ணன்'! பால்காரன் என்னையப் பாத்துச் சிரிக்கான்மா. நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். மூத்தவன் ஏன் நகரணும்? அவன் படியிறங்கி வந்து 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பெட்டியைக் கழத்தி அவன் கையிலயே குடுக்கேன்."

மேலே ஏறினாள். "நீங்க வந்து கேட்டா செய்வாவளாம்."

"நானா? அவன் ஏறி வரட்டும்."

"உள்ளறையில இருக்கது உங்க ரெண்டு பேரு பிடிவாதம். பெட்டி இல்ல!"

"என்னளா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. நான் சென்னைக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பேரு வச்சுப் பேரு வச்சு விளையாடுங்க."

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. துவைத்த துணியை எடுக்கிற சாக்கில் கொல்லைப்புறப் படிக்கட்டுக்குப் போனாள். அங்கே ஓரகத்தி சொர்ணாம்பாள் புளிச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு பேருக்கும் பேச்சு நின்றதே இல்லை. ஆண்கள் காதில் விழாத இடமாகப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

"எல்லாம் கேட்டேன்டி," என்றாள் சொர்ணாம்பாள், குரலைத் தாழ்த்தி. "எனக்கே ஆத்திரமா வருது. தேரு இப்ப தெரு முக்குல திரும்பப் போவுது. இவுக வடம் தொடப் போயிருக்காவ. வர நேரமாகும். போனை எடு."

"அக்கா, வேண்டாம். தெரிஞ்சா..."

"தெரிஞ்சா தெரியட்டும். நான் அந்த வீட்ல குடியிருக்கேன்லா? எனக்கும் ஒரு பெட்டியில பாத்தியதை உண்டு. அந்த இலவசத்துல போகாத. அதுல போனா பெட்டியோட செட்டிங்குக்குள்ள விடாதாம், ஜெய்சன் சொன்னான். வீட்டுக்குள்ள உள்ளதுல போ. உள்ள போனதும் எல்லாத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான்."

"என்ன பாஸ்வேர்டு?"

சொர்ணாம்பாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "தவக்களை. இங்கிலீஸ்ல, எல்லாம் சின்ன எழுத்து. பின்னால ஒரு வருஷம்."

வருஷத்தைச் சொன்னாள். விஜயஸ்ரீயின் விரல் கைபேசியில் அப்படியே நின்றுவிட்டது. அது அவள் கணவர் பிறந்த வருஷம்.

"எப்ப வச்சாவ அக்கா? சண்டைக்கு முந்தியா?"

"முந்தி என்ன முந்தி! இந்தப் பெட்டி மாட்டி மூணு மாசம் ஆகல. 'என்ன பாஸ்வேர்டு வைக்க சார்?'னு ஜெய்சன் கேட்டான். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள சொல்லிட்டாவ. காபி டம்ளரோட நான் பக்கத்துலதான் நின்னேன். இத்தனை வருஷமா குடித்தனம் பண்ணுதேன், எம்பேரு தோணல. பெத்த பிள்ளை பேரு தோணல. தவக்களையாம், தவக்களை!" சட்டியை ணங்கென்று கவிழ்த்தாள். "'என்ன பேரு இது?'ன்னு கேட்டா, 'ஒன் வேலையைப் பாரு'ங்காவ. ஏட்டி, ஒண்ணு சொல்லுதேன். இது வெளியே போவப்படாது. முக்கியமா ஒன் வீட்டுக்காரருக்கு. தெரிஞ்சுதுன்னா இவுக வெக்கத்துல என்னைய உயிரோட விடமாட்டாவ."

"சொல்லமாட்டேன் அக்கா."

"சத்தியமா?"

"நெல்லையப்பர் மேல."

விஜயஸ்ரீ உள்ளறைப் பெட்டியை மட்டும் எடுத்து, பவரைக் கடைசிப் படிக்கு இறக்கினாள். அந்தப் பெட்டியில் இலவச இணைப்பை நிறுத்தினாள். மற்ற இரண்டையும் தொடவில்லை. வாசலில் மோர் குடிக்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாடிக்கு வந்து தன் பெட்டியை ஆறாம் சேனலில் வைத்துச் சோதனைக் கோட்டைப் பார்த்தாள்.

பச்சை. பச்சையாகவே நின்றது.

கெசியா மூன்று மணிக்குச் சரியாக வந்தாள்.

"பூட்டு சரியா இருக்கு மேடம். நெட்வொர்க் பேரும் நீங்க கொடுத்ததுதான். இனி அரை மணி நேரம் அப்படியே விடுங்க. எதையும் தொடாதீங்க. கோடு அறுந்தா நின்னுடும், மறுபடி தொடங்க அனுமதி இல்ல. நான் லைன்லயே இருக்கேன்."

தேர் வீட்டு வாசலுக்கு வந்தது அப்போதுதான். தரை அதிர்ந்தது. 'நெல்லையப்பா' என்று எழுந்த குரலில் ஜன்னல் கண்ணாடி சிலிர்த்தது. மொட்டை மாடியில் பிள்ளைகள் கத்தினார்கள். எழுந்து போய் ஒரு கும்பிடு போட விஜயஸ்ரீக்கு ஆசை. போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கையைக் குவித்தாள். கண் மட்டும் கோட்டிலேயே இருந்தது. பச்சை. பச்சை.

தேர் நகர்ந்து போனது. பாதிக் கோடு தாண்டியிருந்தது. அப்போது கீழேயிருந்து மகேஸ்வரனின் குரல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

"சொர்ணம்! உள்ளறையில நெட் ஏன் செத்துக் கெடக்கு? மாமா போன்ல ஒண்ணும் வரலைங்காவ!"

"எனக்கென்ன தெரியும்?"

"எவனோ கை வச்சிருக்கான். வேற எவன், மேல இருக்கவன்தான்! என் வீட்டுக்குள்ள பூந்துட்டானா? என் போனை எடு. மூணையும் முழுசா ஏத்தி விடுதேன்."

"ஏத்துறது இருக்கட்டும். மொதல்ல சாப்பிடுங்க."

"கண்ணாடி எங்க? கண்ணாடியைக் காணோமே!"

"நான் என்ன கண்டேன்?"

சொர்ணாம்பாள் அதை இடுப்பில் சொருகியிருப்பாள் என்று விஜயஸ்ரீக்குத் தோன்றியது. ஆனால் எவ்வளவு நேரம் சொருகி வைத்திருக்க முடியும்?

சிவகணேஷ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "என்னையத் திருடன்ங்கான்! கேட்டியா? நான் தொடவே இல்ல, என்னையச் சொல்லுதான்!" பிறகு ஒரு யோசனை வந்து மனைவி பக்கம் திரும்பினார். "நீயா?"

"ஆமா. நான்தான்."

"எனக்குத் தெரியாம..."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன நடக்கும் இந்த வீட்ல? இப்ப அதுக்கு நேரம் இல்ல. கீழ போங்க. இன்னும் கொஞ்ச நேரம். 'அண்ணே, பொறுங்க'ன்னு ரெண்டே வார்த்தை."

"மாட்டேன்."

"என் வேலை போயிரும்."

"போகட்டும், நான் இருக்கேம்லா? அவன்ட்ட போய் நான் நிக்கமாட்டேன். சொந்தத் தம்பி ஒருத்தன் இருக்கான்னு அவன் மனசுல என்னைக்காவது நினைச்சதுண்டா? அன்னைக்கு ஒத்தைத் துண்டுக்கு ஆள் அனுப்பத் தோணுச்சா அவனுக்கு?"

"மேடம், அங்க ஏதாவது பிரச்சினையா?" என்றாள் கெசியா.

"ஒண்ணும் இல்ல மேடம். தேர்ச் சத்தம்."

கீழே ஏதோ பாத்திரம் உருண்டது. "அட, இங்கனதான இருக்கு கண்ணாடி! இதை எதுக்குடி நீ..." என்று மகேஸ்வரன் சத்தம் போட்டார். கோடு இன்னும் முடியவில்லை.

சிவகணேஷ் போய் மாடிப்படியின் தலைப்பில் நின்றார். சண்டைக்குத்தான் நின்றார், இறங்கவில்லை.

சொர்ணாம்பாளுக்குக் கொடுத்த சத்தியம் விஜயஸ்ரீயின் நெஞ்சில் ஒரு கணம் நின்றது. அவள் பேச்சை மறுபக்கம் கேட்காமல் நிறுத்துகிற பொத்தானை அமுக்கினாள். எழுந்து, கதவு வரைக்கும் வந்தாள்.

"சண்டைக்குத்தான் போறியன்னா போங்க. ஆனா போறதுக்கு முந்தி கீழ்வீட்டு வைஃபையில ஒரு தடவை சேந்துட்டுப் போங்க. இலவசத்துல இல்ல, வீட்டுக்குள்ள உள்ளதுல. பாஸ்வேர்டு தவக்களை, எல்லாம் சின்ன எழுத்து, பின்னால நீங்க பொறந்த வருஷம். அதை உங்க அண்ணன் வச்சு இன்னும் மூணு மாசம் ஆகல."